பதிவேட்டில் ஏறாத துயரங்கள்

ஓர் அரசு தன் குடிகளுக்குக் கடமைப்பட்டிருப்பவற்றுள் தலையாயது, அவர்களுடைய உயிரையும் உடைமையையும் மானத்தையும் காப்பதாகும். அக்கடமை எந்த அளவுக்கு நிறைவேறியது என்று அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியவை, சென்ற ஆண்டில் எத்தனை பேர் தாக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பொருளை இழந்தார்கள், எத்தனை பேர் தம் சொந்த வீட்டிலேயே அஞ்சி வாழ்ந்தார்கள் என்பனவே. மழையளவையும் விளைச்சலையும் விலைவாசியையும் முறையாக அளந்து சொல்லும் நம் நாட்டில், இக்கேள்விகளுக்கு நேரான விடை இல்லை. விடையென்று ஆண்டுதோறும் நமக்குத் தரப்படுவது, காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை மட்டுமே. நடந்த குற்றங்கள் வேறு, பதிவான வழக்குகள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு ஒரு மாநிலத்தை அமைதிப் பூங்கா என்று புகழ்வதும் இன்னொரு மாநிலத்தைக் குற்றக் காடு என்று பழிப்பதும், ஆட்சியாளருக்கு வசதியாக இருக்கலாம். அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தா.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கைகள் 1953ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து வருபவை. அவற்றுக்குப் பின்னால் உள்ள உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவ்வறிக்கை எதை எண்ணுகிறது என்பதைத் தெளிவாக உணர வேண்டும். ஒருவர் குற்றத்துக்கு ஆளாகி, தமக்கு நேர்ந்தது குற்றமே என்று உணர்ந்து, காவல் நிலையப் படியேறத் துணிந்து, அங்கே செவிமடுக்கப்பட்டு, அவர் சொன்னது முதல் தகவல் அறிக்கையாக எழுதப்பட்டால்தான் அத்துயரம் ஏட்டில் ஏறும். அப்போதும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் சேர்ந்திருந்தால், அவற்றுள் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். இத்தனை படிகளில் எந்த ஒரு படியில் இடறினாலும் குற்றம் நடக்காததாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரோ பாதிக்கப்பட்டவராகவே இருக்கிறார்.

அப்படிகள் எவ்வாறு இடறச் செய்கின்றன என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பேருந்து நெரிசலில் கைப்பேசியைப் பறிகொடுத்த ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். திருடு போனது என்று எழுத வேண்டாம், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள் என்று அவருக்கு அறிவுரை கிடைக்கிறது. புதிய சிம் அட்டை வாங்க ஒரு சான்று கிடைத்தால் போதும் என்று அவரும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். அடிபட்டு வந்த பெண்ணுக்கு, மனு பெறப்பட்டதை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தரப்படுகிறது. இரு தரப்பையும் அழைத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்று சொல்லப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படாமலே நாள்கள் கடக்கின்றன. தர்மவீரா தலைமையில் 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையமே வழக்குப் பதியாமல் தட்டிக்கழிக்கும் இந்தப் போக்கை எடுத்துரைத்தது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் அதைப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்பொன்று தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லப் போதுமானது.

இதில் காவலர்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. எண்ணிக்கை கூடினால் ஆய்வாளரைக் கடிந்துகொள்வதும், குறைந்தால் பாராட்டுவதுமாகிய வழக்கம் மேலிருந்து கீழே வந்தது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி கேட்கும் கேள்விக்கு முதலமைச்சர் சொல்லும் விடையும் அந்த எண்ணே. செய்தித்தாள் தலைப்பில் நாம் இடுவதும் அந்த எண்ணே. மனுக்களை மனமுவந்து பதியும் நேர்மையான அதிகாரியின் எல்லைக்குள் குற்றம் பெருகியதாகத் தோன்றும். கதவைச் சாத்திவைக்கும் அதிகாரியின் எல்லையில் அமைதி நிலவுவதாகத் தோன்றும். ஆகவே வழக்கு எண்ணிக்கை, குற்றத்தின் அளவைக் காட்டுவதைவிட, காவல் நிலையத்தின் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையையும், அந்நிலையம் அவர்களிடம் காட்டும் செவிசாய்ப்பையுமே மிகுதியாகக் காட்டுகிறது என்று கொள்வதே பொருந்தும்.

இந்த உண்மையை மற்ற நாடுகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965இல் அமைத்த ஆணையம், காவல்துறை ஏடுகளை மட்டும் நம்பாமல், 10,000 குடும்பங்களிடம் நேரே கேட்டறிய ஏற்பாடு செய்தது. 1967இல் வெளியான அதன் அறிக்கை நாட்டையே திடுக்கிட வைத்தது. வீடு புகுந்து திருடுதல் பதிவான அளவைப்போல் மும்மடங்காகவும், வன்புணர்ச்சி மூன்றரை மடங்குக்கும் மேலாகவும் இருந்தன. அதன் விளைவாக 1972இல் தொடங்கிய தேசியக் குற்ற ஆய்வு இன்றுவரை நடைபெறுகிறது. பிரிட்டனில் 1982இல் நடந்த முதல் ஆய்வு, இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்கு முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் குற்றங்கள் நிகழ்ந்திருக்கும் என்று மதிப்பிட்டது. காவல்துறை ஏடுகளில் அவ்வாண்டு ஏறியவை 30 இலட்சத்துக்கும் குறைவு. துன்புற்றவர் வந்து சொல்லட்டும் என்று காத்திராமல் அவரைத் தேடிச்சென்று கேட்க வேண்டும் என்னும் கோட்பாடு இவ்வாறு நிலைபெற்றது.

ஆனால் கேட்பது எளிதன்று. கேள்வித்தாளோடு ஒருவரை அனுப்பிவிட்டால் உண்மை தானே வந்து சேரும் என்று எண்ணுவது பேதைமை. குற்ற ஆய்வின் வரலாறு முழுவதும், கேட்டவர் செய்த பிழைகளைக் கேட்டவரே கண்டறிந்து திருத்திக்கொண்ட வரலாறாகவே இருக்கிறது. அப்பிழைகளை எண்ணிப் பார்ப்பது, இத்தகைய ஆய்வே வேண்டாம் என்பதற்காக அன்று. நம் நாடு இப்பணியில் இறங்கும்போது அவற்றையே மீண்டும் செய்யாதிருப்பதற்காக.

முதல் இடர்ப்பாடு நினைவைப் பற்றியது. கடந்த ஆறு மாதத்தில் அல்லது ஓராண்டில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், மனிதர் நாள்காட்டியைப் பார்த்து விடை சொல்வதில்லை. சிறு இழப்புகள் மறந்துபோகின்றன. நெஞ்சைத் தைத்த நிகழ்ச்சியோ ஈராண்டுக்கு முன் நடந்ததாயினும் நேற்று நடந்ததுபோல் முன்னே வந்து நிற்கிறது. இவ்வாறு பழையது புதிய காலத்துக்குள் நுழைந்துவிடும் என்பதை நெட்டர், வாக்ஸ்பெர்க் என்னும் இரு புள்ளியியல் அறிஞர்கள் 1964இலேயே வீட்டுச் செலவுகள் பற்றிய ஆய்வொன்றில் நிறுவினார்கள். அதனால்தான் அமெரிக்க ஆய்வு ஒரே வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக ஏழு தடவை செல்கிறது. முதல் தடவை கிடைத்த விடைகளை நெடுங்காலம் கணக்கில் சேர்க்காமல், அடுத்த தடவை சொல்லப்படுபவை புதியனவா என்று ஒப்பிடும் எல்லைக்கல்லாக மட்டுமே பயன்படுத்தி வந்தது. நம் நாட்டில் மாதப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட, பொங்கலுக்கு முன்பா பின்பா, ஊர்த் திருவிழாவுக்கு முன்பா, பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த பிறகா என்று கேட்டால் விடை தெளிவாக வரும். நினைவுக்கு ஊன்றுகோல் கொடுப்பது கேட்பவரின் பொறுப்பு.

இரண்டாவது இடர்ப்பாடு, எதைக் குற்றம் என்று மக்கள் கொள்கிறார்கள் என்பது. தெருவில் முன்பின் அறியாதவன் அடித்தால் அது குற்றம். அண்ணன் அடித்தால் கண்டிப்பு. கணவன் அடித்தால் குடும்பச் சச்சரவு. ஆசிரியர் அடித்தால் நல்வழிப்படுத்தல். நிலக்கிழார் அடித்தால் ஊர் வழக்கம். இவ்வாறு பிரித்துப் பார்க்கப் பழகிய ஒருவரிடம், நீங்கள் ஏதேனும் குற்றத்துக்கு ஆளானீர்களா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற விடையே கிடைக்கும். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வி அவரைச் சென்று தொடவில்லை. அமெரிக்க ஆய்வு தொடங்கிய காலத்தில் வன்புணர்ச்சி பற்றி நேரடியாக ஒரு கேள்வியும் இல்லை. தாக்குதல் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும்போது பெண்கள் தாமே அதைக் குறிப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1992இல் வினாத்தாளைத் திருத்தி, நிகழ்ச்சியை விவரித்து நேராகக் கேட்கத் தொடங்கியதும் அவ்வகைக் குற்றங்களின் மதிப்பீடு இருமடங்கைக் கடந்தது. நாட்டில் குற்றம் ஓரிரவில் பெருகிவிடவில்லை, கேள்விதான் திருந்தியது.

இதைவிடக் கடுமையான சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில், காவல்துறையிடம் ஏற்கெனவே முறையிட்டவர்கள் என்று ஏடுகளிலிருந்து தெரிந்த சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு அதைத் தெரிவிக்காமல், குற்ற ஆய்வுக்குரிய கேள்விகளைக் கேட்டார்கள். 1972இல் வெளியான அதன் முடிவுகள் இன்றும் ஆய்வாளரால் எடுத்துரைக்கப்படுகின்றன. வீடு புகுந்த திருட்டுக்கு ஆளானவர்களில் 100க்கு 90 பேர் அதைக் கேட்டவரிடம் சொன்னார்கள். தாக்குதலுக்கு ஆளானவர்களில் பாதிப்பேர்கூடச் சொல்லவில்லை. குற்றமிழைத்தவர் அயலார் என்றால் 100க்கு 76 பேர் சொன்னார்கள். அறிந்தவர் என்றால் 57 பேர். உறவினர் என்றால் 22 பேர் மட்டுமே. காவல் நிலையம் வரை போய் முறையிட்டவர்களே வீட்டுக்கு வந்து கேட்டவரிடம் வாய்மூடி இருந்தார்கள் என்றால், எவரிடமும் முறையிடாதவர்களின் மௌனம் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

உறவினர் இழைக்கும் கொடுமையைப் பற்றிக் கேட்பது மூன்றாவது இடர்ப்பாடு. அதுவே நமக்கு மிக அணுக்கமானது. நம் ஊர்களில் கையில் பலகைக்கணினியோடு ஒருவர் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால், அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், குழந்தைகள் சூழ்ந்துகொள்வார்கள், மாமியார் கதவருகே வந்து நிற்பார், விடையை மருமகளுக்கு முந்தி அவரே சொல்வார். குடும்ப அட்டை எண்ணையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் அந்நிலையில் கேட்டுவிடலாம். கணவர் உங்களை அடிப்பாரா என்று கேட்டால், கேட்டவர் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்? உண்மையை எழுதிக்கொண்டு போகிறவர், உண்மை சொன்னவரை ஆபத்தில் விட்டுப் போகக்கூடாது.

பொற்கைப் பாண்டியன் கதை நம் மரபில் இதற்கு முன்மாதிரியாக நிற்கிறது. கீரந்தை என்பவன் வெளியூர் சென்றிருந்தபோது அவன் மனைவிக்குக் காவலாக இரவில் உலாவந்த மன்னன், ஓரிரவு அவ்வீட்டில் ஆண்குரல் கேட்டு ஐயுற்றுக் கதவைத் தட்டினான். உள்ளே இருப்பவன் ஊர் திரும்பிய கணவனே என்று அறிந்ததும், தன் செயலால் அப்பெண் மீது பழி விழுந்துவிடுமே என்று அஞ்சி, அத்தெருவின் கதவுகள் எல்லாவற்றையும் தட்டிச் சென்றான். பின்னர் தட்டிய கையையே தண்டித்துக்கொண்டான் என்பது வழங்கும் கதை. காக்க விரும்பிய கையே தீங்கு செய்யக்கூடும் என்பதையும், அத்தீங்குக்குப் பொறுப்பு தட்டியவனுடையதே என்பதையும், ஒரு வீட்டை மட்டும் சுட்டாமல் எல்லா வீட்டையும் ஒருபடியாக நடத்துவதே காப்பு என்பதையும் அக்கதை ஒருங்கே உணர்த்துகிறது.

இன்றைய நெறிமுறைகள் சொல்வதும் இதையே. பெண்கள் மீதான வன்முறையை ஆராய்வதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் வகுத்த நெறிகள், கேட்கப்படும் பெண்ணின் பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தன. நம் தேசியக் குடும்பநல ஆய்வு அந்நெறிகளின்படி, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே அப்பகுதிக் கேள்விகளைக் கேட்கிறது. தனிமை வாய்க்காவிட்டால் கேட்காமலே திரும்புகிறது. பிரிட்டன் ஆய்வு 1990களில், கேள்விகளை வாய்விட்டுக் கேளாமல் கணினித் திரையில் காட்டி, விடையைப் பாதிக்கப்பட்டவரே தட்டச்சு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வு தொலைபேசிக்கு மாறியபோது, மறுமுனையில் பேசுபவரின் அருகே யார் நிற்கிறார் என்று அறிய வழியில்லாததால், குடும்ப வன்முறை பற்றிய கேள்விகள் நிறுத்தி வைக்கப்பட்டன. கணக்கில் ஓர் இடைவெளி விழுந்தாலும் உயிருக்கு ஊறு நேரக்கூடாது என்று எடுத்த அம்முடிவு சரியானது.

இவ்வளவு கவனத்தோடு கேட்டதன் பயன் என்ன என்பதை நம் நாட்டு எண்களே சொல்கின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 அகவைக்குட்பட்ட, மணமான பெண்களில் நாடு முழுவதும் 29.3 விழுக்காட்டினர் கணவரின் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் அது 38.1 விழுக்காடு. வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடளவில் 14 விழுக்காட்டினர் மட்டுமே யாரிடமேனும் உதவி நாடினார்கள்; 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி கேட்கவுமில்லை, வாய்திறந்து சொல்லவுமில்லை. தமிழ்நாடோ கல்வியிலும் நலவாழ்விலும் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் மாநிலம். காவல் நிலைய ஏடுகளை மட்டும் புரட்டியிருந்தால் இந்த உண்மை நம் கண்ணில் பட்டிருக்குமா? தனிமையில், பண்போடு, பயிற்சி பெற்ற ஒரு பெண் கேட்டதனால் அல்லவா அது வெளிவந்தது?

நான்காவது இடர்ப்பாடு, யாரைக் கேட்கிறோம் என்பது. ஆய்வு வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறது. வீடற்றவர் அதில் வருவதில்லை. நடைபாதையில் உறங்குவோர், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் புலம்பெயர் தொழிலாளர், விடுதிகளிலும் காப்பகங்களிலும் சிறைகளிலும் இருப்போர் ஆகிய யாவரும் குற்றத்துக்கு எளிதில் இலக்காகக் கூடியவர்கள்; அவர்களே கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். கொலையுண்டவரைக் கேட்க இயலாது. குழந்தைகளை எவ்வாறு கேட்பது என்பது தனிக் கலை. பிரிட்டன் 10 முதல் 15 அகவையினரைச் சேர்த்தது 2009இல்தான். கேட்கப்பட்டவர்களிலும் மீண்டும் மீண்டும் துன்புற்றவர்களின் கணக்கு நெடுங்காலம் குறைத்தே எழுதப்பட்டது. ஒருவர் ஒரே வகைக் கொடுமையை எத்தனை முறை அனுபவித்ததாகச் சொன்னாலும் 5 முறை என்றே பிரிட்டன் ஆய்வு எண்ணி வந்தது. ஆண்டுக்கு ஆண்டு எண்கள் தாறுமாறாக ஏறி இறங்காதிருக்கவே அந்த வரம்பு என்று காரணம் சொல்லப்பட்டது. அதனால் மறைந்தது, வாரந்தோறும் அடிபடும் பெண்ணின் வாழ்க்கை. சில்வியா வால்பி முதலிய அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டி வாதிட்டார்கள். 2019இல் அம்முறை மாற்றப்பட்டது. கணக்கின் ஒழுங்குக்காகத் துயரத்தை நறுக்கி எழுதுவது எத்தகைய அநீதி என்பதற்கு இது நிலையான பாடம்.

ஐந்தாவது இடர்ப்பாடு நம்பிக்கை. கேட்க வந்தவர் காவல்துறையின் ஆள் என்று தோன்றிவிட்டால், காவலரால் துன்புற்றவர் பேசமாட்டார். ஊராட்சித் தலைவரோடு வந்து இறங்கினால், அத்தலைவரின் சாதியாரால் தாக்கப்பட்ட சேரி மக்கள் பேசமாட்டார்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தவர் எந்தத் தெருவுக்குச் சென்று கேட்கிறார் என்பது வெளிநாட்டுக் கையேடுகளில் விரிவாக எழுதப்படாததாயிருக்கலாம். நம் ஊர்களில் விடையின் உண்மையையே தீர்மானிப்பது அது. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர், தம் சொல் மறுநாளே ஊர்ப் பொதுமேடைக்குச் சென்றுவிடாது என்ற உறுதி கிடைத்தாலன்றி வாய்திறக்கமாட்டார். திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையும் இல்லை. அவ்வாறே, இணையவழி மோசடியில் வாழ்நாள் சேமிப்பை இழந்த படித்தவர், தாம் ஏமாந்ததை மகனிடம்கூடச் சொல்ல நாணுகிறார். பிரிட்டன் ஆய்வு 2015 அக்டோபரில் மோசடி பற்றிய கேள்விகளைச் சேர்த்தபோது, மொத்தக் குற்றங்களின் மதிப்பீடு ஏறத்தாழ இருமடங்கானது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இத்தனை குறைகள் உடைய ஆய்வு எதற்கு என்று கேட்போர் உண்டு. அதற்கு விடை எளியது. குறைகளைத் தானே அளந்து வெளிப்படையாகச் சொல்லும் கணக்கு, குறையே இல்லாததுபோல் நடிக்கும் கணக்கைவிட நம்பத்தக்கது. மேலும் ஒரு கணக்கின் பொய்யை வெளிப்படுத்த இன்னொரு கணக்கு வேண்டும். பிரிட்டனில் காவல்துறை எண்களும் மக்களிடம் கேட்டறிந்த எண்களும் ஒத்துப்போகாமல் விலகத் தொடங்கியது ஐயத்தை வலுப்படுத்தியது. 2014 ஜனவரியில் காவல்துறைக் குற்றப் பதிவுகளுக்கு வழங்கப்பட்டிருந்த தேசியப் புள்ளிவிவரம் என்னும் தகுதியை அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு இறுதியில் காவல் கண்காணிப்பு அமைப்பு, முறையிடப்பட்ட குற்றங்களில் 100க்கு 19 பதியப்படாமல் விடப்பட்டன என்றும், ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள் அவ்வாறு மறைந்தன என்றும் அறிவித்தது. ஓர் அரசு தன் துறையின் கணக்கைத் தானே நம்பத்தகாதது என்று அறிவித்ததனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இனி நம் நிலை. பன்னாட்டுக் குற்றப் பாதிப்பு ஆய்வு 1989இல் தொடங்கிப் பின்னர் மும்பையையும் சேர்த்துக்கொண்டது. 2015இல் தில்லியிலும் மும்பையிலும் காமன்வெல்த் மனித உரிமைகள் அமைப்பும், 2017இல் அவ்விரு நகரங்களோடு சென்னையையும் பெங்களூரையும் சேர்த்து ஐ.டி.எஃப்.சி. ஆய்வு நிறுவனமும் வீடுவீடாகச் சென்று கேட்டன. நிகழ்ந்த குற்றங்களுள் பெரும்பகுதி முதல் தகவல் அறிக்கையாக மாறுவதில்லை என்பதை அம்முயற்சிகள் காட்டின. ஆனால் அவை தனியார் முயற்சிகள், சில நகரங்களோடு நின்றவை, ஆண்டுதோறும் தொடராதவை. 2015இல் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 16ஆவது, வன்முறைக்கு ஆளானோரின் விழுக்காட்டையும், அவர்களுள் முறையிட்டோரின் விழுக்காட்டையும் அளக்குமாறு கோருகிறது. மக்களை நேரே கேட்காமல் அவ்விரு எண்களையும் எந்த அரசாலும் தர இயலாது. இத்தகைய ஆய்வை எவ்வாறு நடத்துவது என்று ஐக்கிய நாடுகள் அவை 2010இல் கையேடே வெளியிட்டுள்ளது. வழி தெரியவில்லை என்று சொல்ல இடமில்லை. மனம் இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை. குற்றப் பாதிப்பு ஆய்வு, காவல்துறையும் உள்துறையும் சாராத புள்ளியியல் அமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். பல்லாண்டுக் கால மாதிரிக் கணக்கெடுப்புப் பழக்கம் உடைய தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதற்குத் தக்கது. மாநிலந்தோறும் தனி மதிப்பீடு கிடைக்கும் அளவுக்கு மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். கேட்போர் அந்தந்த மொழியில், பாதிக்கப்பட்டவர் பேசும் சொற்களில் கேட்கப் பயிற்சி பெற வேண்டும். அவர்களுள் பெண்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் போதிய அளவில் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் விடைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, எந்த விசாரணைக்கும் தரப்படா என்ற உறுதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். துயரத்தைச் சொன்னவருக்கு உதவி எங்கே கிடைக்கும் என்ற குறிப்பைக் கையில் கொடுக்காமல் எந்த வீட்டைவிட்டும் கேட்பவர் வெளியேறக் கூடாது. வீடற்றோருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் தனி ஆய்வு வேண்டும். முடிவுகளை வெளியிடும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஆட்சிக்கு ஏற்ற காலம் பார்த்து அதைத் தள்ளிப்போடும் உரிமை எந்த அமைச்சருக்கும் இருத்தலாகாது.

அத்தகைய ஆய்வின் முதல் முடிவு வெளிவரும் நாளில் எண்ணிக்கை பன்மடங்கு கூடியிருக்கும். அன்று ஆளுங்கட்சி அதை மறுக்கவும் எதிர்க்கட்சி அதை ஆயுதமாக்கவும் விரைந்தால், இரண்டாவது ஆய்வு நடக்காமலே போய்விடும். குற்றம் புதிதாகப் பெருகியது என்று கொள்ளாமல், இதுவரை மறைந்திருந்தது தெரியவந்தது என்று கொள்ளும் முதிர்ச்சி அரசியல் கட்சிகளுக்கும், இதழ்களுக்கும், வாசகர்களுக்கும் ஒருசேர வேண்டும். இதழ்கள் என்னும்போது எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். மாநிலங்களை வரிசைப்படுத்திப் போட்டியாக்கும் தலைப்புகள், பதிவு செய்வதையே தண்டிக்கும் பழக்கத்துக்குத் துணைபோகின்றன.

துன்புற்றவர் தாமே வந்து முறையிடுவதற்காகக் காத்திருப்பது அரசின் கடமையில் பாதிதான். வர இயலாதவரைத் தேடிச்சென்று, அவருக்குத் தீங்கு நேராவண்ணம் கேட்பதே எஞ்சிய பாதி. அப்பாதியை இந்தியா விடுதலை பெற்ற நாள்முதல் இன்றுவரை நிறைவேற்றவில்லை. நாடு தழுவிய குற்றப் பாதிப்பு ஆய்வை ஆண்டுதோறும் நடத்த நடுவண் அரசு இனியும் காலந்தாழ்த்தாமல் ஆணையிட வேண்டும். அதற்கு முன்பே தன் அளவில் அதைத் தொடங்கித் தமிழ்நாடு அரசு மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்ட வேண்டும்.